துவைப்பதா, மருந்தா? ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர்களில் சிரங்கு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நார்தர்ன் டெரிட்டரியில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாகச் சேர்கிறேன். சிரங்கு வந்த வீட்டில் துணிமணி, போர்வை எல்லாவற்றையும் துவைக்கச் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், ஆனால் மருந்துக்கு அடுத்துதான். சிரங்கு (scabies) என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன சிற்றுண்ணி தோலுக்குள் புகுவதால் வருவது. சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்து உண்ணிதான் இருக்கும். பெரும்பாலும் தோலோடு தோல் பட்டுத்தான் ஒட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மெல்லன்பி என்ற ஆய்வாளர், நோயாளிகள் போர்த்திய போர்வைகளைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வெகு சிலருக்கே தொற்றியது.

அதனால் வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நாள் இரவு 5% பெர்மெத்ரின் கிரீம். வட, மத்திய ஆஸ்திரேலியாவில் உடம்பு முழுக்க, தலையும் முகமும் சேர்த்துத் தடவுவதுதான் வழக்கம். கண்ணையும் வாயையும் விட்டுவிடுங்கள். குறைந்தது 8 மணி நேரம் இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இந்த இரண்டாம் முறையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அரிப்பு அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

பொருக்குச் சிரங்கு, அதாவது தோல் தடித்துப் பொருக்குத் தட்டும் கடுமையான வகை, கதையே வேறு. உதிர்கிற செதிலில் ஆயிரக்கணக்கில் உண்ணி இருக்கும். அங்கே படுக்கை விரிப்பு, துண்டு, மெத்தை எல்லாமே தொற்றும். அந்த வீட்டில் துணி துவைப்பதும் சிகிச்சைதான்.

கேள்வி: சுடுதண்ணி வராத வீட்டில் என்ன செய்வது?

பதில்: உண்ணி சாவது சூட்டில், சோப்பில் அல்ல. 50 டிகிரியில் 10 நிமிடம் போதும். பச்சைத் தண்ணீரில் அலசினால் அழுக்கு போகும், உண்ணி சாக வேண்டுமென்பதில்லை. டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி மூன்று நாள் வெயிலில் வையுங்கள்; மனித உடம்பை விட்டால் உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. குளிர்காலமென்றால் ஒரு வாரம் விடுங்கள். பல வீடுகளில் கரண்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் மீட்டர். ஹீட்டர் போட்டுத் துவைத்தால் காசு சீக்கிரம் தீரும், பிறகு ஃபிரிட்ஜும் நின்றுவிடும். பை கட்டுவதற்கு அந்தச் செலவில்லை.

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தாலும் உடைத்துவிடுகிறார்களாமே?

பதில்: இந்தப் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. ஹெல்த்ஹேபிடேட் என்ற அமைப்பு ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய், ஷவர், கழிவுநீர் எல்லாவற்றையும் சோதித்து, கையோடு பழுதும் பார்த்தது. பழுதுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் பராமரிப்பு இல்லாதது. அடுத்தது முதலிலேயே மோசமாகக் கட்டியது. குடியிருப்பவர்கள் கெடுத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மெஷின் கெடுவதும் அப்படித்தான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மணலும் சுண்ணாம்பும் வரும். தண்ணீர் ஓஸ் மெஷினில் சேரும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். அது அடைத்தால் மெஷின் தண்ணீர் இழுக்காது, ‘ரிப்பேர்’ என்று ஓரத்தில் தள்ளிவிடுவார்கள். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஓஸைக் கழற்றி, வலையை இடுக்கியால் பிடித்து இழுத்து வினிகரில் ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள். வெளியேற்றும் பம்பில் சில்லறையும் மண்ணும் சிக்கும். ஈரமான பெரிய கம்பளியை வீட்டு மெஷினில் திணித்தால் பேரிங் போகும். அதற்குப் பொதுச் சலவையகத்தின் பெரிய மெஷின்தான் சரி. நார்தர்ன் டெரிட்டரியில் பாருங்கா (Barunga) என்ற ஊரில் அப்படி ஒன்று அமைத்தார்கள். ஊரில் இல்லையென்றால் கவுன்சிலிடம் கேளுங்கள்.

கேள்வி: சிரங்கு நாய்களிடமிருந்து வருகிறதா?

பதில்: இல்லை. நாயின் உண்ணி வேறு வகை. மனிதத் தோலில் சில நாள் அரிக்கும், குடும்பம் நடத்தாது. நாய்க்கு மருந்து போடுவது நாய்க்கு நல்லது, அவ்வளவே.

கேள்வி: சொறிந்த புண்தானே, தானே ஆறாதா?

பதில்: தானே ஆறட்டும் என்று விடாதீர்கள் என்கிறேன். அந்தப் புண்ணில் ஸ்ட்ரெப் கிருமி ஏறினால் சிறுநீரக அழற்சி வரலாம். ருமாட்டிக் காய்ச்சலுக்கும் இந்தப் புண்ணுக்கும் தொடர்பு உண்டென்று கருதுகிறார்கள். அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுக்கும். சீழ் பிடித்த புண்ணுக்கு ஒரு பென்சதீன் பெனிசிலின் ஊசி, அல்லது வாய்வழி கொடுக்கும் கோ-டிரைமாக்ஸசோல் மருந்து காலை மாலை மூன்று நாள். ஊசி வலிக்கும் என்று பிள்ளைகள் ஓடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. அளவு எடையைப் பொறுத்தது. அடியில் சிரங்கு இருந்தால் அதையும் அன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமே அதே பிள்ளை அதே புண்ணோடு வரும்.