அகலப் பலகையில் வால்நட் தரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: சென்னையில் நான்காவது மாடி ஃப்ளாட். ஹாலில் இருக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் மேலேயே 8 அங்குல அகலத்தில் வால்நட் பலகை போட ஆசை. பக்கத்து ஃப்ளாட்டில் போட்டது ஓரம் தூக்கி, நடுவில் குழிந்துவிட்டது. எங்களுக்கும் அப்படி ஆகுமா?
– அண்ணா நகர் வாசகி

பதில்: பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட அதிக ஈரம் குடித்தால்தான் அப்படிக் குழியும். மரம் ஈரம் வாங்கினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரே கட்டையில் அறுத்த வால்நட் பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால், 8 அங்குல அகலம் சுமார் 2 மி.மீ. கூடிக் குறையும். 3 அங்குலப் பலகையில் இது 1 மி.மீ.கூட வராது. ஏ.சி. ஓயாமல் ஓடும் கோடைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே இந்த மாற்றம் சென்னையில் நடக்கும்.

அதனால் இந்த அகலத்துக்கு எஞ்சினியர்டு பலகையே வாங்குங்கள். மொத்தக் கனம் 15 மி.மீ.; மேலே 4 மி.மீ. வால்நட், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளை. மேல் அடுக்கு 2 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பிற்பாடு இழைத்துப் புதுப்பிக்க முடியாது.

போடும் முன் டைல்ஸ் இணைப்புகள் மேல் 1 மீட்டர் சதுர பாலிதீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூன்று நாள் விடுங்கள். அடியில் நீர்முத்து பூத்தால் ஈரம் இருக்கிறது. குளியலறைச் சுவர்க் கசிவை முதலில் பாருங்கள். தாள் காய்ந்தே இருந்தாலும் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் டைல்ஸைப் பெயர்த்து நிரப்புங்கள். 2 மீட்டர் மட்டக்கோலின் கீழ் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. ஒட்டுவதாக இருந்தால் டைல்ஸின் மினுமினுப்பைத் தேய்த்து எடுத்த பிறகுதான் பசை பிடிக்கும்.

சுவரோரம் 10 முதல் 12 மி.மீ. காலியாக விடுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். அழகுக்காகப் புட்டி வைத்து அடைத்துவிடுவார்கள், கூடவே நின்று தடுங்கள். அடைத்தால் மழைக்காலத்தில் பலகை நகர இடமின்றி நடுவில் எழும்பும். கதவின் அடியையும் பலகைக் கனத்துக்கு ஏற்ப இழைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: கடையில் ‘வால்நட்’ என்றே மூன்று விலை சொல்கிறார்களே?
– கோவை வாசகர்

பதில்: விலை குறைந்தது பெரும்பாலும் வால்நட் நிறம் அச்சிட்ட லேமினேட். ‘ஆப்பிரிக்க வால்நட்’, ‘பிரேசில் வால்நட்’ இரண்டும் வேறு மரங்கள், பின்னது ‘இப்பே’ (ipe) என்ற தென் அமெரிக்க மரம். தரைக்குப் பேர்போனது அமெரிக்கக் கருப்பு வால்நட். பெட்டியில் ‘ஜக்லான்ஸ் நைக்ரா’ என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 180 சதுர அடி அறைக்குச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 200 சதுர அடி வாங்குங்கள்.

கேள்வி: ஜன்னலோரம் நிறம் வெளுக்கிறது. பலகை மட்டமா?
– மதுரை வாசகி

பதில்: இல்லை. பல மரங்கள் வெளிச்சத்தில் கறுக்கும், வால்நட் வெளிறும். முதல் ஆறு மாதம் கம்பளம் விரிக்காதீர்கள், விரித்த இடம் கட்டம் கட்டமாகத் தெரியும். வால்நட் ஓக்கைவிட மென்மை என்பதால் நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். துடைக்கும்போது வாளித் தண்ணீரும் பினாயிலும் வேண்டாம். இறுகப் பிழிந்த துணி போதும்.