தங்கைக்குக் கலியாணமாகி மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கிறார். இலங்கை அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் அஸ்வெசும உதவித் திட்டத்துக்கு இதை 5 மாதமாக அறிவிக்கவில்லை. வாங்கிய காசைத் திருப்பிக் கேட்பார்களா?

எங்களிடம் கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் மட்டக்களப்பு வழக்கம். அம்மா விதவை. வறியோர் பிரிவுக்கு 8,500 ரூபாவாக இருந்தது 2025 ஜனவரியில் 10,000 ஆனது. அது மாதாமாதம் அம்மாவின் கணக்கில் விழுந்தது. மாப்பிள்ளை அரசாங்கச் சம்பளக்காரர். கலியாண அலைச்சலில் அறிவிக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. மார்கழியில் கடிதம் வந்தது: 10 மாதத்துக்கு 100,000 ரூபா கட்டவேண்டும். அம்மா அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

இரவு வங்கிப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு வரவாகப் பென்சிலால் குறித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, மாசியில் நடந்தது, தாலிகட்டு ஆனியில். அதுவரை மாப்பிள்ளை தன் தாய் வீட்டில்தான் இருந்தார். கடிதமோ எழுத்துத் திகதியிலிருந்து கணக்குப் போட்டிருந்தது. அவருடைய ஊர் விதானையாரிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) வதிவிடச் சான்றிதழ் எடுத்து, கலியாண அழைப்பிதழோடு சேர்த்துக் கொடுத்தோம். 6 மாதம், 60,000 என்று குறைந்தது. ஒரேயடியாகக் கட்ட வழியில்லை என்று எழுதிக் கேட்டோம். மாதம் 5,000 ரூபாவாக 12 தவணைக்குச் சம்மதித்தார்கள்.

ஆகவே கடிதம் வரும்வரை இருக்காதீர்கள். நாளைக்கே விதானையாரிடம் சொல்லி, பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். மாப்பிள்ளை வந்த நாளைத் தெளிவாக எழுதுங்கள். அம்மா பின்னால் தனிக் கொட்டிலில் வேறாகச் சமைக்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள். ஒரே உலையா என்று எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அஸ்வெசும வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை, வீடு, சொத்து, கல்வி, சுகம் என்று 22 குறிகாட்டிகள் இருக்கின்றன. சம்பளக்காரர் வந்துவிட்டார், இனி எல்லாம் போச்சு என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்று, மாப்பிள்ளைக்கு மறைக்காதீர்கள். நாங்கள் மறைத்தோம். ஒரு கிழமை கழித்துக் கடிதம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. “என்னாலதானே மாமிக்கு இந்தக் கரைச்சல்” என்று மிகவும் வேதனைப்பட்டார். முதல் தவணையை அவர்தான் கொண்டுபோய்க் கட்டினார்.