நடுக்கமும் ரம்மியும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கமிஷன் கடை. வயது 66. நாலு வருஷம் முன்னால் வலது கை நடுங்க ஆரம்பித்தது, பார்க்கின்சன் என்றார்கள். அதற்கும் ஐந்தாறு வருஷம் முன்பே மல்லி வாசம் தெரியவில்லை என்பார். சைனஸ் என்று விட்டுவிட்டோம். மாத்திரையில் ஓரளவு நன்றாகத்தான் இருந்தார். போன வருஷம் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அப்புறம் ஆளே மாறிவிட்டார். சீட்டுக்கட்டைத் தொட்டறியாத மனுஷன் ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் ரம்மி ஆடுகிறார். ஒன்றேமுக்கால் லட்சம் போனபிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. குடிக்கிற என் அண்ணனைப் ‘புத்தி கெட்டவன்’ என்று வீட்டைவிட்டு அனுப்பியவர் இவர். இப்போது அண்ணன் சிரிக்கிறான். நடுக்கத்துக்கும் போதைக்கும் காரணம் டோபமைன் என்கிற ஒரே மூளை ரசாயனம்தான் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் இரண்டும் ஒரே வியாதியா? அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

செ., மேலூர்

அன்புள்ள செ.,

அம்மாவின் கேள்விக்கு முதலில். நிறுத்தாதீர்கள். பார்க்கின்சன் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக இறுகிக் கடும் காய்ச்சலில் உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதோ மாற்றுவதோ டாக்டர்தான் செய்யவேண்டும். ஆனால் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை. செல்லூரில் என் சித்தப்பா இந்த நோயோடு பதினோரு வருஷம் இருந்தார், அந்த வகையில் கொஞ்சம் தெரியும்.

1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறே ஆறு பேர். அதிலும் சிலர் தெருவில் கண்ணில் பட்டவர்கள். புலன்களும் புத்தியும் கெடுவதில்லை என்று எழுதிவிட்டார். புலன் விஷயத்தில் தவறினார் என்பதற்கு உங்கள் அப்பாவின் மூக்கே சாட்சி. கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே பலருக்கு வாசனை போய்விடுகிறது. மல்லி விற்கிறவருக்கே அது போனதை என்னென்று சொல்வது. ‘புத்தி’ என்று நாம் சொல்வதில் எது சேரும் எது சேராது என்பதுதான் உங்கள் கடிதத்தின் சிக்கல்.

மூளையின் அடியாழத்தில் சில நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றுக்கு டோபமைன் அனுப்புவது நடுமூளையில் உள்ள ஒரு கறுப்புத் திட்டு. நிஜமாகவே கறுப்பு, வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பார்க்கின்சனில் அந்த நரம்பணுக்கள் சாகின்றன, கறுப்பு வெளிறுகிறது. பழகிப்போய் யோசிக்காமல் செய்கிற காரியங்கள் பெரும்பாலும் அந்த முடிச்சுகளின் பொறுப்பு. சித்தப்பா நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். தள்ளினால் விழுவார். ஒரு மார்கழிக் காலையில் சித்தி அகலமாகக் கோலம் போட்டிருந்தாள். வாசலில் உறைந்து நின்றவர் குனிந்து பார்த்தார். ‘மிதிச்சுராதீக’ என்று சித்தி சத்தம் போட்டதுதான் தாமதம், காலைத் தூக்கிக் கோட்டைத் தாண்டித் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார். பழக்கத்தில் நடக்கிற வழி அடைபட்டாலும் கண்ணால் பார்த்து அடியெடுக்கிற வழி திறந்திருந்தது. மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளும் சாக்பீஸ் கோடுகள்.

சரி, இதில் ரம்மி எங்கே வந்தது? வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் சுவிட்சர்லாந்தில் குரங்குகளின் டோபமைன் அணுக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார், மயிரிழை போன்ற மின்கம்பியை வைத்து. பார்க்கின்சனில் அசைவு கெடுகிறதே, அப்படியானால் குரங்கு கையை நீட்டும்போது இந்த அணுக்கள் துடிக்கும் என்று எதிர்பார்த்தார். கை நீளும்போது பெரிதாக ஒன்றுமில்லை. ஆப்பிள் துண்டு விரலில் பட்டபோது துடித்தன. பழச்சாறு வந்தபோது துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபிறகு துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது, சாற்றுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் அது வரவேண்டிய நேரத்தில் அணுக்கள் ஓய்ந்தன.

மதுரைக்காரர்களுக்கு இது தெரிந்ததுதான். எங்கள் தெருவுக்குச் சாயங்காலம் பருத்திப்பால்காரர் வருவார். முதல் தடவை தித்திப்பு நாக்கில். பத்தாவது தடவை மணிச்சத்தம் கேட்டதுமே. டம்ளரோடு ஓடிப்போய்ப் பானை காலி என்றால் வருகிற அந்த இறக்கம், அதுதான் ஷூல்ட்ஸ் பதிவு செய்தது. ஆக டோபமைன் இன்பத்தின் ரசாயனம் என்பது வீடியோக்காரர்களின் சரக்கு. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்ததா குறைவா என்று அது கணக்குச் சொல்கிறது, அதை வைத்து மூளை பழகுகிறது. 1997-ல், மூளையைக் கணிதத்தால் ஆராய்கிற இருவரோடு சேர்ந்து ஷூல்ட்ஸ் இதை வெளியிட்டார். அசைவைத் தேடிப்போனவர் ஆசையில் போய் நின்றார்.

மேலூர்க்காரருக்கு மடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் மூளையில் அந்த நரம்பு முடிச்சுகளின் மேற்பகுதி, அசைவைக் கவனிக்கிறது, அதுதான் கடைமடை, முதலில் வறண்டது அது. ஆசையைக் கவனிக்கிற கீழ்ப்பகுதி தலைமடை, அங்கே இன்னும் ஈரம் இருக்கிறது. கடைமடை நனைய வேண்டுமென்று திறந்துவிட்டால் தலைமடை வயல் மூழ்குகிறது. புதிதாகச் சேர்த்தது பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகையா என்று அட்டையைப் பாருங்கள். இவை டோபமைன் போலவே நடிக்கிற மருந்துகள், ஆசைப் பகுதியில் கூடுதலாகப் பிடிப்பவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2010-ல் வந்த ஆய்வில், இவற்றைச் சாப்பிடுகிறவர்களில் 100-க்கு 17 பேருக்குச் சூதாட்டம், கண்டதையெல்லாம் வாங்குவது, அடங்காத காமம், ஓயாத தீனி என்று ஏதாவது ஒன்று இருந்தது. சாப்பிடாதவர்களில் 7 பேருக்கு. மருந்தைக் குறைத்தால் பலருக்கு அடங்கிவிடுகிறது. எழுதிக் கொடுக்கும்போதே வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது என் ஆதங்கம்.

இரண்டும் ஒரே வியாதியா என்றால் இல்லை. ஒரே ஊரில் நடக்கிற இரண்டு காரியங்கள். 1982-ல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெராயின் மாதிரி ஒன்றை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களுக்குள் சிலையாக உறைந்துபோனார்கள். அதில் எம்பிடிபி என்ற நஞ்சு கலந்திருந்ததை வில்லியம் லாங்ஸ்டன் என்ற டாக்டர் குழு கண்டுபிடித்தது. அது அந்தக் கறுப்புத் திட்டைத் தேடிப்போய் அழித்திருந்தது. போதைக்குப் போனவர்கள் பார்க்கின்சனோடு வந்தார்கள். உங்கள் அப்பா எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்.

அண்ணன் விஷயம். சாறு வழக்கமாகிவிட்டால் அணுக்கள் அடங்குகின்றன அல்லவா? மது தானே உள்ளே போய் டோபமைனைக் கூட்டிவிடுவதால் அந்த அடக்கம் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் ‘எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்’ என்று பொய்க்கணக்கு எழுதுகிறது. டாஸ்மாக் போர்டைப் பார்த்தாலே கால் திரும்புவது அதனால். வேண்டும் என்பதும் பிடிக்கிறது என்பதும் மூளையில் வேறு வேறு என்று அமெரிக்காவின் மிச்சிகனில் கென்ட் பெர்ரிட்ஜ் என்ற மூளை ஆராய்ச்சியாளர் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். அண்ணனிடமே கேட்டுப்பாருங்கள், இப்போதும் அது ருசிக்கிறதா என்று. அவர் குடியை இதனால் சரி என்று நான் சொல்லவில்லை. வீட்டைவிட்டு அனுப்பியது மருந்தில்லை என்று சொல்கிறேன். சிரிப்பதற்கும் இதில் ஒன்றுமில்லை.

யாராவது மாசி வீதிப் பக்கம் நாட்டுமருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கித் தரச் சொல்வார்கள். அதில் லெவோடோபா, அதாவது மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற பார்க்கின்சன் மருந்து, இருப்பது உண்மை, 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி இருவரும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு கரண்டியில் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் மாத்திரைக்கு மேல் மாத்திரையாகிவிடும்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளோடு ரம்மிக் கணக்கு ஏறிய பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துப்போங்கள். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே ரகசியம் பேசாதீர்கள். அவர் எதிரிலேயே, இது இந்த மாத்திரையால் வந்திருக்கலாம் என்று டாக்டர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவும் கூட இருக்கட்டும். முடிந்தால் அண்ணனும்.