வாசகர் கேள்வி-பதில்: பங்கோரில் இறங்கிய பிறகு எப்படிச் சுற்றுவது?

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. சுங்கை சிப்புட் தோட்டப் பகுதி வாசகர்கள் பங்கோர் தீவைப் பற்றிப் பல கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

*காரைத் தீவுக்குள் கொண்டுபோகலாமா? கார் இல்லாதவர்கள் எப்படி வருவது?*

பயணிகள் பெர்ரியில் கார் ஏறாது. படகு புறப்படும் ஊரான லூமுட்டில், நாள் கணக்கில் கட்டணம் வாங்கும் கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பஸ்ஸில் வருவோர் ஈப்போ டவுனுக்குள் போகத் தேவையில்லை. மேரு ராயாவில் உள்ள அமான் ஜெயா நிலையத்திலேயே லூமுட் பஸ் கிடைக்கும், சுங்கை சிப்புட்டிலிருந்து வருவோருக்கு அதுதான் பக்கம். லூமுட் பஸ் நிலையத்திலிருந்து ஜெட்டிக்கு நடந்தே போய்விடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். மரினா ஐலண்ட் ஜெட்டியிலிருந்தும் பங்கோருக்குப் படகு விடுவதுண்டு. திரும்பும்போது அந்தப் படகில் ஏறிவிட்டால் உங்கள் கார் லூமுட்டில், நீங்கள் வேறோர் இடத்தில். ஏறுமுன் "லூமுட்?" என்று கேட்டுவிடுங்கள். போகவர எடுத்த டிக்கெட்டையும் பத்திரமாக வையுங்கள்.

*எந்த ஜெட்டியில் இறங்குவது?*

லூமுட் படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். எல்லாரும் எழுந்தார்கள் என்று புதியவர்கள் பலர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். கடற்கரைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்தே இருங்கள். அடுத்து வரும் பங்கோர் டவுன்தான் உங்கள் ஜெட்டி. ஊர்கள் கிழக்குக் கரையிலும், குளிக்கும் கடற்கரைகள் மேற்குக் கரையிலும் உள்ளன. டவுனிலிருந்து குறுக்கே போனால் முதலில் பாசிர் போகாக், அங்கிருந்து வடக்கே கரையோரமாகப் போனால் தெலுக் நிப்பா.

*மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதா, வேனில் போவதா? நாங்கள் ஐந்து பேர், இரண்டு பிள்ளைகள்.*

ஐந்து பேர் என்றால் வேன்தான். ஜெட்டியிலேயே இளஞ்சிவப்பு நிற வேன்கள் நிற்கும். கட்டணம் ஆளுக்கா, முழு வேனுக்கா என்பதை ஏறுமுன் பேசி முடியுங்கள். தீவைச் சுற்றிக் காட்டச் சொன்னால் எந்தெந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

லைசென்ஸ் உள்ள இருவர் மட்டும் வந்தால் மோட்டார் லாபம். 'எல்' (பழகுநர்) லைசென்ஸ் வைத்திருப்பவர் பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்பது தீவிலும் சட்டம்தான். சாவியை வாங்குமுன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், டயரையும் விளக்கையும் பாருங்கள், பழைய கீறல்களைக் கைப்பேசியில் படம் எடுங்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, எங்கே போடுவது என்பதைக் கடைக்காரரிடமே கேளுங்கள்.

டவுன், போகாக், நிப்பா வரை பெரிய சிரமம் இல்லை. நிப்பாவைத் தாண்டி, விமான ஓடுதளம் உள்ள தெலுக் டாலாம் வழியாகச் சுங்கை பினாங்கிற்கு வரும் மேட்டுச் சாலையில்தான் ஆள் விழுகிறது. ஏற்றம் செங்குத்து, வளைவு குறுகல், மழை பெய்தால் சருகும் மணலும் வழுக்கும். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கப்சாயாக (காலால் கியர் மாற்றும் சிறிய மோட்டார்) இருந்தால் இரண்டாம் கியருக்கு மாற்றி இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். ஆட்டோ ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு: வேகம் தணிந்ததும் கிளட்ச் விடுபட்டு வண்டி தானாக உருளும். அதனால் மேட்டிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். இருட்டிய பிறகும் மழையிலும் வந்த வழியே திரும்புவதுதான் புத்தி. முழுச் சுற்று அடிக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

சுற்றும்போது தெற்கே தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670ல் ஈயம் சேமிக்கக் கட்டிய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. அரை மணி நேரம் போதும். நிப்பாவில் சாயங்காலம் இருவாச்சிகள் வரும். குரங்குகளும் வரும், மோட்டார் கூடையில் ரொட்டியை விட்டுப் போகாதீர்கள்.

*மாசி மகத்திற்கு, முட்டி வலியுள்ள அம்மாவை அழைத்துப்போகலாமா?*

போகலாம், ஆனால் திட்டத்தோடு. பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்தின் மாசி மகத் திருவிழாவுக்குத் தீபகற்பத்தின் பல ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும். போகும்போதைவிடத் திரும்பும்போதுதான் ஜெட்டியில் வரிசை நீளும், சடங்குகள் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால். அதிகாலைப் படகில் போய், கூட்டம் கலையுமுன் கிளம்புங்கள். அல்லது முன்கூட்டியே அறை எடுத்து மறுநாள் திரும்புங்கள். அலையில் படகும் படிக்கட்டும் ஏறி இறங்கும். அம்மாவை இருபுறமும் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், பை தூக்க இன்னொருவர். வேன்காரரிடம் திரும்பும் நேரத்தையும் நிற்கும் இடத்தையும் காலையிலேயே பேசிவிடுங்கள்.

*தீர்வையில்லாத் தீவாமே, மதுபானம் மலிவா?*

2020 ஜனவரி 1 முதல் தீர்வையில்லாத் தீவுதான். ஆனால் மதுபானம், சிகரெட், வாகனம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. சாக்லேட் வாங்கலாம். நெத்திலியும் சாத்தே மீனும் (மசாலா சேர்த்த உலர்மீன்) பங்கோரின் சொந்தச் சரக்கு. கருவாட்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டச் சொல்லுங்கள், படகில் பக்கத்தில் உட்காருபவர் வாழ்த்துவார்.