முதலில் பையைக் காட்டுங்கள்

எடிட்டிங் மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, நாங்கள் வேலூரில் விஸ்காம் படிக்கிறோம். இறுதியாண்டுக்காக 14 நிமிட த்ரில்லர் எடுத்திருக்கிறோம். அதில் தொடக்கம் மட்டும் 3 நிமிடம் 10 விநாடி. டிரோனில் வேலூர்க் கோட்டை, அதன் மேல் டைட்டில். பிறகு ஹீரோ அலாரம் கேட்டு எழுகிறான், பல் தேய்க்கிறான், கிரீன் சர்க்கிள் வழியாக வண்டியில் காட்பாடி ஸ்டேஷன் போகிறான். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். கிளம்பும்போது தன்னுடையதை விட்டுவிட்டு, அதே மாதிரி இருக்கும் வேறொரு கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு போகிறான். உள்ளே ஒரு போன் அடிக்கிறது. அந்தப் பையை வைத்தவரைப் பிறகு பிளாஷ்பேக்கில் காட்டுகிறோம். பார்த்தவர்கள் எல்லோரும் 'ஸ்லோ' என்கிறார்கள். வேகமாக வெட்டினோம், இசையையும் ஏற்றினோம். அப்படியும் ஸ்லோதானாம். லிங்க் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு மாணவி, காட்பாடி

பதில்: லிங்க் பார்த்தேன் தங்கச்சி. ஷாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. 'ஸ்லோ' என்று சொல்கிறவர்கள் ஷாட்டின் நீளத்தைச் சொல்லவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் இரண்டரை நிமிடம் உட்கார்ந்திருந்த எரிச்சலைச் சொல்கிறார்கள். அந்த நேரத்தை எத்தனை துண்டாக நறுக்கினாலும் எரிச்சல் அப்படியே இருக்கும்.

முதல் வேலை, கோட்டையைத் தூக்குங்கள். நான் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் பாதி வாரம் கல்யாண வீடியோவும் மீதி வாரம் குறும்படமும் வெட்டுகிறவன். இந்த ஊரில் பாதிக் கல்யாண வீடியோ அந்த அகழியிலிருந்துதான் கிளம்புகிறது. உங்கள் கதை 1806 சிப்பாய்ப் புரட்சி என்றால் கோட்டை வேண்டும். பை மாறிப்போன கதைக்கு எதற்கு? தவிர, அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். அனுமதிக் கடிதம் இல்லாத டிரோன் ஷாட்டைப் போட்டியில் காட்டினால் கேள்வி வரும். அலாரமும் பல் தேய்ப்பதும் கூடவே போகட்டும். அவன் காலையில் எழுந்தான் என்பதை யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

இப்போது பிளாஷ்பேக்குக்காக ஒளித்து வைத்திருக்கும் ஷாட்டை முன்னால் கொண்டுவாருங்கள். படம் அங்கேதான் தொடங்குகிறது. காலி பெஞ்ச். ஒரு கை கறுப்புப் பையை அதன் அடியில் தள்ளுகிறது. முகம் வேண்டாம். கை ஃபிரேமை விட்டுப் போனதும் உடனே வெட்டிவிடாதீர்கள். ஒரு விநாடி, ஒன்றரை விநாடி பை மட்டும் தனியாக நிற்கட்டும். அப்புறம் ஹீரோ வந்து உட்காரட்டும், டீ குடிக்கட்டும், போனை நோண்டட்டும். நீங்கள் 'போர்' என்று பயந்து நறுக்கிய அந்த டீ ஷாட் நறுக்காமல் முழுதாக 11 விநாடி, அதை அப்படியே திரும்ப வையுங்கள். அவன் காலுக்குப் பக்கத்தில் பை தெரிகிறது, நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. இனி அவன் எவ்வளவு நிதானமாகக் குடிக்கிறானோ அவ்வளவு நல்லது.

ஹாலிவுட் இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தின் தொடக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஒருவன் காரின் டிக்கியில் டைம் பாமை வைக்கிறான். கார் எல்லையோர ஊர் ஒன்றின் தெருவில் ஊர்ந்து போகிறது, ஆட்கள் குறுக்கே வருகிறார்கள், வண்டி நிற்கிறது, மறுபடி நகர்கிறது. மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரே ஷாட். யாரும் அதை ஸ்லோ என்று சொன்னதில்லை. ஸ்டுடியோ அதன் மேல் டைட்டிலையும் பின்னணி இசையையும் ஏற்றிவிட்டது. மாற்றச் சொல்லி வெல்ஸ் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். 1998-ல் எடிட்டர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்து மறுபடி தொகுத்தபோது டைட்டிலை அங்கிருந்து எடுத்துவிட்டு, இசைக்குப் பதில் தெருக் கடைகளிலும் கார் ரேடியோவிலும் ஒலிக்கும் பாட்டை வைத்தார். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள், டைட்டிலை எங்கே போடுவது என்று நான் சொல்லவே வேண்டியிருக்காது.

எல்லாத் த்ரில்லருக்கும் இதே வைத்தியம் என்று நினைக்காதீர்கள். எஸ். பாலச்சந்தர் 1954-ல் எடுத்த 'அந்த நாள்' படத்தில் தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார் என்ற கேள்வி மீதிப் படத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே கையைக் காட்டியிருந்தாலும் கெட்டிருக்கும். உங்களுடையது 'எப்போது திறப்பான்' என்ற கதை. அதனால் வைத்தவரின் முகத்தை மட்டும் ஒளியுங்கள், பையை ஒளிக்காதீர்கள்.

ஒலியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 'பயணிகளின் கனிவான' என்று அறிவிப்பு தொடங்குகிறது, ஷாட் மாறியதும் ஏதோ ஒரு ரயில் எண்ணின் நடுவில் குதிக்கிறது. கண் மன்னித்தாலும் காது மன்னிக்காது. ஷாட்டுகளோடு வந்த சத்தத்தை எல்லாம் இறக்கிவிட்டு, ஒரே ஒரு பிளாட்பாரச் சத்தத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை அடியில் விரியுங்கள். அதில் அறிவிப்பு ஒரு முறை முழுசாக வரட்டும். அது முடிந்த அமைதியில், அவன் நடந்து போகும் ஷாட்டிலேயே பைக்குள் போன் வைப்ரேட் ஆகும் சத்தம் லேசாகக் கேட்கட்டும். இரண்டு விநாடி கழித்துப் பையின் குளோசப்புக்குப் போங்கள். இசை இப்போதைக்கு வேண்டாம். மொத்தம் ஒன்றேகால் நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: மொபைலில் எடுத்த ஷாட்டில் பிளாட்பார டியூப்லைட் வெளிச்சம் கோடு கோடாக ஓடுகிறது. தனியாக ரெக்கார்ட் செய்த வசனமும் போகப் போக உதட்டை விட்டு நழுவுகிறது. எடிட்டில் சரிசெய்யலாமா சார்?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வசனம் நழுவுவதைச் சரிசெய்யலாம் தம்பி. மொபைல் பெரும்பாலும் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளாது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் எல்லாக் கிளிப்பையும் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகு டைம்லைனில் போடுங்கள்.

கோடு விஷயம் கஷ்டம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த மாதிரி விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி என்று மாறாமல் பூட்டப்பட்டிருந்தால் இது வந்திருக்காது. கோடு அதிகம் தெரியும் குளோசப்புகளை மட்டும் பகல் வெளிச்சத்தில் திரும்ப எடுங்கள். அதற்கு ஸ்டேஷன் வரை போக வேண்டாம், கருங்கல் பெஞ்ச் எந்தப் பூங்காவிலும் கிடைக்கும்.