யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள்: டீச்சரிடம் கேட்டவை

மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். புத்தகம், பயணம், பிள்ளைப் பருவம் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

டீச்சர், நீங்கள் முதன்முதலில் விரும்பிப் படித்த புத்தகம் எது? (கல்லூரி மாணவி, மேலூர்)

அல்லி அரசாணி மாலை என்ற கதைப்பாட்டு. இன்றைக்கு உன் வயதுக்காரர்கள் பலர் பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே புத்தகக் கடைகள் இருந்த காலம். 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டு, மங்கலான தாளில், படங்களோடு விற்பார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கதை முழுக்க அத்துப்படி. விளக்கு வைத்ததும் திண்ணையில் என்னை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார். தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். ஒரு அடி தாவிவிட்டால் போதும், "ஏத்தா, நடுவுல முழுங்கிட்டியே" என்று குரல் வரும்.

அல்லி நம் மதுரையை ஆண்டதாகச் சொல்லப்படும் ராணி. ஆண் வாடையே ஆகாதவள். அர்ச்சுனன் தந்திரமாக அரண்மனைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுவான். அந்தக் கட்டம் வந்தால் வாசிப்பு நின்றுவிடும். "அவ சம்மதத்தக் கேட்டானா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பார். "கட்டினவன் கட்டினவன்தானே" என்று இன்னொருத்தி சொல்வார். அப்புறம் அவரவர் கல்யாணக் கதைகள் வெளியே வரும். கைம்பெண்ணாகத் தனியே உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு அத்தை, அல்லி கடைசிவரை தனியாகவே ஆண்டிருக்கலாம் என்று அழுத்தமாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு கதையைக் கேட்டு ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையை எடுத்துப் பேச முடியும் என்பதை நான் கற்றது வகுப்பறையில் இல்லை, அந்தத் திண்ணையில்தான். அதனால்தான் யார் என்ன கேட்டாலும் வாசித்துக் காட்டுங்கள் என்றே சொல்கிறேன்.

அம்மா, என் பையன் ஆறாம் வகுப்பு. புத்தகத்தைத் தொடுவதே இல்லை, எப்போதும் போன்தான். (திருநகர்)

நீங்கள் வாசித்துக் காட்டுங்கள் அம்மா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் 'இனி நீயே படி' என்று நாம் கைவிட்டுவிடுகிறோம். பிள்ளைக்குக் கதை பிடிக்காமல் போவதில்லை. தனியாக உட்காரத்தான் பிடிப்பதில்லை. படுக்கும் முன் கொஞ்ச நேரம் வாசியுங்கள். ஆவலாக இருக்கும் இடத்தில் மூடிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை புதுநத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2023-இல் திறந்தது, குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அங்கே அவன் எதை எடுத்தாலும் தடுக்காதீர்கள், கிரிக்கெட் புத்தகமாக இருந்தாலும் சரி.

அக்கா, சிலப்பதிகாரம் முழுதாகப் படிக்க ஆசை. செய்யுளைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்க? (செல்லூர்க்காரன், இப்போது சென்னையில்)

முப்பது காதைகளையும் முதலிலிருந்து வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை தம்பி. மதுரைக் காண்டத்தில் தொடங்குங்கள். உரையுள்ள பதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவலனும் கண்ணகியும், துணைக்கு வரும் சமணப் பெண் துறவி கவுந்தியடிகளும் வெயிலுக்கு அஞ்சி நிலா வெளிச்சத்தில் நடந்து வருகிறார்கள். வைகை வருகிறது. ஆற்றுக்கு இவர்களுக்கு நேரப்போவது தெரியும். அதனால் பூக்களால் தன்னை மூடிக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்துக்கொள்கிறது. இவர்கள் அது புரியாமல், தண்ணீர் ஓடும் ஆறு இல்லை இது, பூ ஓடும் ஆறு என்று வியந்து, மரப் புணையில் ஏறித் தென்கரை போய்ச் சேர்கிறார்கள். மதில் மேல் கொடிகள் அசைவது 'வராதீர்கள்' என்று கை காட்டுவதுபோல் இருக்கிறது.

ஊருக்கு வரும்போது உங்கள் செல்லூர்ப் பக்கத்துக் கரையில் நின்று, தெற்கே பார்த்தபடி இந்தப் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். அவர்களும் வடக்கேயிருந்துதான் வந்தார்கள். இன்றைய வைகை மணலும் புதருமாகக் கிடப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கும். அந்த வலியோடு படித்தால் பாட்டு இன்னும் ஆழமாக இறங்கும். கூட ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள். அவர் கேட்கிற கேள்விக்காகவே நீங்கள் உரையைப் புரட்டுவீர்கள்.

சித்திரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவதா, மங்கலதேவி கண்ணகி கோயிலா? (கம்பம்)

கம்பத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், அப்படியானால் மங்கலதேவிதான். மலை மேல் இருக்கும் அந்தக் கோயிலுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மக்களை விடுகிறார்கள். உடம்புக்கு முடிந்தால் பளியன்குடி வழியாக நடந்தே ஏறுங்கள். அழகரை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

வயதான அம்மாவோடு ஒரு நாள் போய்வர மதுரைப் பக்கம் ஓர் இடம் சொல்லுங்கள். (வில்லாபுரம்)

கீழடி அருங்காட்சியகம். மலையேறும் வேலை இல்லை. பானை ஓட்டில் கீறிய 'ஆதன்' என்ற பெயரை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு ஒருவர் தன் பாத்திரத்தில் பெயர் போட்டு வைத்திருக்கிறார். நம் வீட்டு எவர்சில்வர் குடத்திலும் அம்மா பெயர் வெட்டியிருக்கும், காட்டுங்கள்.

நீங்கள் மட்டும் இன்னொரு நாள் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். அந்த மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. அதில் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் என்று பொறித்திருக்கிறது. மகன் துறவியாகிப் போன பிறகும் அந்தத் தாய் தன் பெயரில் ஒரு திருமேனி செய்து வைத்தாள். அங்கே நின்றாலே எனக்குக் கண் கலங்கும்.

துபாயில் இருக்கிறேன். ஊர் நினைப்பு வாட்டும்போது எதைப் படிக்க?

மதுரைக்காஞ்சி, பழைய மதுரையைப் பாடும் சங்கப் பாட்டு. பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. முழுதும் வேண்டாம், இரவும் விடியலும் வரும் பகுதியைப் படியுங்கள். கடைகளை அடைக்கிறார்கள், அப்பம் சுடுகிறவர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார், காவலர் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள், விடியும்போது பெண்கள் முற்றம் பெருக்குகிறார்கள். படித்ததை உங்கள் குரலிலேயே பதிவு செய்து வீட்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத் தவிர வேறு பேச்சும் உண்டாகும்.

வாழ்க்கை கற்றுத் தந்தது என்று ஒன்றைச் சொல்வதென்றால்? (உசிலம்பட்டி)

என் வீட்டுக்காரருக்குக் கடைசிக் காலத்தில் பார்வை மங்கியது. தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். மனதுக்கு ஆறுதலான கட்டுரைகளாகத் தேடிப் பிடித்து வாசிப்பேன். அவருக்கு வேண்டியதோ மல்லிகைப்பூ விலையும் வைகை அணை நீர்மட்டமும்தான். உடம்புக்கு முடியாதவர்களுக்கு நல்லதென்று நாம் நினைப்பது வேறு, அவர்கள் கேட்க விரும்புவது வேறு. முதலில் கேட்டுவிடுங்கள்.

புத்தகத்தை இரவல் கொடுக்கலாமா? என் அலமாரி பாதி காலி. (அனுப்பானடி)

கடையில் மறுபடி கிடைக்கும் புத்தகம் என்றால் தாராளமாகக் கொடுங்கள், நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொண்டு. அச்சில் இல்லாதது என்றால் வெளியே விடாதீர்கள். கேட்டவரை வீட்டுக்கு வரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்து, உட்கார்ந்து படிக்க விடுங்கள்.