நிலக்கரிக் குழியில் தெளிந்த தண்ணீர்

கேள்வி: ஜேர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்று ஏரியாகியிருப்பதை என் மகன் படம் எடுத்து அனுப்பினான். தண்ணீர் அவ்வளவு தெளிவு; ஆனால் மீன் இல்லையாம். படகில் சுண்ணாம்பு ஏற்றிப்போய்க் கலக்கிறார்களாம். ஒருமுறை கலந்தால் போதாதா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: போதாது அம்மா. நிலாவெளிக் கடலின் தெளிவு வேறு, இந்த ஏரியின் தெளிவு வேறு. பாசிக்கு வேண்டிய பொஸ்பரசைத் தண்ணீரிலுள்ள இரும்பு பிடித்து அடியில் அமர்த்திவிடுவதாலும், அமிலத்தில் பெரும்பாலான உயிர்கள் தாக்குப்பிடிக்காததாலுமே அது அப்படித் தெளிந்து கிடக்கிறது.

பழுப்பு நிலக்கரியை மூடியிருக்கும் மண்ணில் பைரைட் என்னும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. சுரங்கம் தோண்டுவதற்காகப் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டிருக்கையில் அம்மண்ணுக்குள் காற்றுப் புகுந்து பைரைட்டைக் கந்தக அமிலமாகவும் கரையும் இரும்பாகவும் மாற்றுகிறது. இறைப்பதை நிறுத்தியதும் ஏறிவரும் நீர் அவற்றையெல்லாம் கழுவிக்கொண்டு குழிக்குள் வந்து சேர்கிறது. பி.எச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும். பி.எச் 3 அளவிலுள்ள அத்தகைய நீர், நடுநிலை நீரைவிட 10,000 மடங்கு அமிலச் செறிவுடையது.

எனவே முதல் வேலை சுண்ணாம்பு அன்று, ஆற்று நீர். ஸ்பிரே, நைசே போன்ற ஆறுகளிலிருந்து விரைவாக நிரப்பினால், ஏரியின் மட்டம் சுற்றுப்புற நிலத்தடி நீரைவிட உயர்ந்து, அமில நீர் உள்ளே கசிவதைத் தடுக்கும். ஆனால் ஸ்பிரே பேர்லினுக்கும் போகவேண்டிய ஆறு. மழை குறைந்த ஆண்டில் தாராளமாக எடுக்க முடியாது.

சுண்ணாம்பு போடும்போது பொறுமை வேண்டும். முதலில் கரைந்துள்ள இரும்பும் பின்னர் அலுமினியமும் அதை விழுங்கிக்கொள்வதால், எத்தனை மூட்டை கொட்டினாலும் பி.எச் அசையாததுபோல் நிற்கும். இரும்பு துருநிறச் சேறாக அடியில் படிந்து, அலுமினியமும் நீங்கிய பிறகே பி.எச் சட்டென்று ஏறும். அப்போதும் கந்தக அமிலத்திலிருந்து வந்த சல்பேற்றில் பெரும்பகுதி நீரிலேயே தங்கும். கரையோர மண்ணிலிருந்து அமிலம் கசிந்துகொண்டிருக்கும் வரை படகு திரும்பத் திரும்ப வரத்தான் வேண்டும். காற்றில்லாத அடிச்சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றி அமிலத்தைக் குறைக்க உதவுகின்றன என்றாலும், அவற்றுக்கு உணவாகும் மக்கிய பொருள் இந்தப் புது ஏரிகளில் மிகக் குறைவு.

நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லாவிடினும் இதே பைரைட் மாத்தறையில் வேலையைக் காட்டியிருக்கிறது. நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுப்பதற்காக நீரை வடித்தபோது, தாழ்நில வயல்களின் அடிமண்ணில் காற்றுப்பட்டு, அங்கும் மண் புளித்தது.